அணியில் யாருக்கு இடம்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் பணித்தார். மன்னாரில் விளையாட்டு என்றால் முதலில் உதைபந்தாட்டந்தான். வேறு பொருள் தேடி நான் அலையவில்லை. நம் கல்லூரிப் பயிற்றுநர்கள் ஆண்டுதோறும் படும் ஒரு சங்கடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து வருடம் தவறாமல் மைதானத்துக்கு வந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். பத்தாம் வகுப்பில் இருந்துகொண்டே அவனை இலகுவாகக் கடந்து பந்தைக் கொண்டுபோகும் சிறுவன் ஒருவன். இருப்பதோ ஓரிடம். யாருக்குக் கொடுப்பது?

சிறுவனுக்கே என்பது என் கட்சி. கல்லூரி அணிக்கு வயதெல்லை உண்டு. மூத்தவன் எப்படியும் அடுத்த வருடம் பள்ளியை விட்டுப் போகிறவன். மூத்தவர்களை மாத்திரம் இறக்குகிற பயிற்றுநர், தை மாதந்தோறும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

1958ஆம் ஆண்டு சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பிரேசில் பயிற்றுநர் விசென்டே பியோலா, 17 வயதுப் பேலேயை மூன்றாவது ஆட்டத்தில் இறக்கினார். அக்காலத்தில் மாற்றாட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. உலகக் கிண்ணத்தில் அதற்கு 1970இலேதான் அனுமதி வந்தது. தெரிவு பிழைத்தால் முழு ஆட்டமும் பிழைத்தது. பேலே அப்போட்டியில் ஆறு கோல்கள் போட்டார். இறுதியாட்டத்தில் சுவீடனை 5-2 என்று வென்றார்கள். ஆனால் பதினொருவரும் சிறுவர்கள் அல்லர். பின்வரிசையில் 33 வயது நில்டன் சந்தோஸ் நின்றார். முதல் ஆட்டத்தில் முன்வரிசையில் ஆடிய தீதா அதன்பின் களமிறங்கவில்லை. பேலேயின் பெயர் நம் ஊர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும். தீதாவை எத்தனை பேர் அறிவோம்?

இவ்வளவும் திறமையைப் பற்றியது. விசுவாசம் என்று நாம் சொல்வது எதை என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பெரும்பாலும் அது வரவு இடாப்பைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. நம் தீவில் அந்த இடாப்பு நேர்மையான சாட்சி அன்று. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கிறது; வாடைக் காலத்தில் வடகடல். காற்றுக்கேற்பத் தொழிலும் கரை மாறுகிறது. வலைகளோடு குடும்பங்களும் வாடிக்குப் பெயர்வதுண்டு. தகப்பனோடு இரவு கடலுக்குப் போய் விடியலில் வலை தெரிந்த பையன், நாலு மணிக்கு மைதானத்தில் எப்படி நிற்பான்? பட்டினத்தில் கடை வைத்திருப்பவர் மகனுக்கோ மைதானம் கூப்பிடு தூரம். இடாப்பு ஒருவனை விசுவாசி என்கிறது, மற்றவனைச் சோம்பேறி என்கிறது. முதலாமவன் கெட்டிக்காரனாகவும் நல்லவனாகவும் இருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வசதிக்குக் கொடுத்த புள்ளியைக் குணத்துக்குக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ளலாமா? வராத நாளுக்குக் காரணம் கேட்டு எழுதிவைத்த பின்பே இருவரையும் ஒப்பிடவேண்டும். தொழிற் காலத்தில் பயிற்சி நேரத்தை மாற்றுவதும் பெரிய காரியமல்ல.

இனி, இடம் இழந்த மூத்தவன். அவனுக்குரியது சட்டை இலக்கம் அல்ல என்றேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டு, ஆசிரியர் அறைக்குள் ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடம் வெயிலில் ஓடிய பிள்ளை, தோழர்கள் சூழ நிற்கையில் தன் பெயரைத் தேடிக் காணாமல் திரும்புவது கொடுமை. முதல் நாளே தனியே கூப்பிட்டு, “தம்பி, இந்தமுறை அவனை இறக்கப்போகிறேன், காரணம் இது” என்று சொல்லப் பத்து நிமிடம் போதும். அவன் கோபிப்பான், கோபிக்கட்டும். இரண்டாம் பாதியில் கால் தளரும் சிறுவனுக்குப் பதிலாக இறங்கவும், எந்தப் பக்கத்துக் காற்றில் பந்து எப்படி வளையும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும், அவனைவிட்டால் வேறு ஆள் ஏது?

பயிற்றுநர்கள் சிலர் இச்சபையில் இருக்கிறார்கள். மைதானத்தில் நிற்பவர்கள் அவர்கள். நான் கரையில் நின்று பேசுகிறவன். மறுத்துச் சொல்வதானால் இப்பொழுதே எழுந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.