ஒரு ஊருக்கு ஒரு பட்டியல்

(மீள்குடியேறிய கிராமங்களின் சங்கப் பிரதிநிதிகளுக்கு வன்னியில் நடத்தப்பட்ட கூட்டமொன்றில், 2013 செப்டெம்பரில், எமது களப்பணியாளர் ஆற்றிய உரை)

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பங்குச் சபை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வேலை நேரத்தில் கூப்பிட்டதற்குக் குறை நினைக்கவேண்டாம். மாரி தொடங்கிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை.

மெனிக் பாம் முகாம் மூடப்பட்டு இந்த மாதத்தோடு ஒரு வருடமாகிறது. மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று கடதாசியில் எழுதிவிடலாம். ஆனால் தறப்பாளுக்குக் கீழே இருப்பவர் யார், தமையன் வளவில் கொட்டில் போட்டு ஒதுங்கியிருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பில் இருப்பவருக்கோ, வாகனத்தில் வந்து போகும் எங்களுக்கோ அது அவ்வளவு தெரியாது.

இப்போது வீடு கட்டும் பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். கடந்த ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் அடுத்த கட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா. பணம் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போகிறது. மொத்தமாக அல்ல, கட்டம் கட்டமாக. வேலை எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பணம். ஒப்பந்தகாரர் கிடையாது, வீட்டைக் குடும்பமே கட்டுவிக்கவேண்டும். இது நல்ல முறை என்றே நான் நினைக்கிறேன். தன் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதை அந்த வீட்டுக்காரரே தீர்மானிக்கிறார்.

ஆனால் இந்த முறைக்கு ஆள் வேண்டும். ஓடித்திரிய ஒருவர், மேசனோடு பேரம் பேச ஒருவர், மணலுக்குக் காவலிருக்க ஒருவர். அந்த ஆள் இல்லாத வீடுகள்தான் உங்கள் ஊரில் அதிகம்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். படுக்கையில் கிடக்கும் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்திருக்கும் ஒரு பெண். முதற் பணம் வந்தது. மேசன் முற்பணம் வாங்கிக்கொண்டு பெரிய வேலை கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார். சீமெந்தை முன்கூட்டியே வாங்கிக் கொட்டிலுக்குள் வெறும் நிலத்தில் அடுக்கியிருந்தார். ஈரம் ஏறிப் பதினொரு பை கல்லாகிவிட்டது. அத்திவாரம் நிலமட்டத்துக்கு வராததால் அடுத்த பணமும் வரவில்லை. சங்கிலியை அடகு வைத்தார். இத்தனைக்கும் அதே ஒழுங்கையில் மூன்று சங்கங்களின் தலைவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

பிறகு மாதர் சங்கத் தலைவி எல்லோரையும் ஒரு பின்னேரம் வாசிகசாலையில் இருத்தினார். பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. கமக்காரர் அமைப்பில் இருந்த இருவர் டீசல் காசுக்கு மட்டும் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றிக் கொடுத்தார்கள். கூட்டுறவுச் சங்கம் சீமெந்தைத் தன் களஞ்சியத்தில் வைத்து, தேவைக்கு நாலைந்து பையாகக் கொடுத்தது. கோயில் இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து அத்திவாரத்தை முடித்தார்கள். மேசனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவர் பங்குச் சபைச் செயலாளர். அந்தப் பெண் சைவக்காரி என்பதையும் சொல்லவேண்டும். இப்போது சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது. மழைக்கு முன் கூரை ஏறுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

எங்கள் பிழையையும் சொல்கிறேன். நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கூட்டம் வைத்துத் தனித்தனியாகப் பட்டியல் கேட்கிறோம். நீங்களும் கேட்டவருக்கெல்லாம் ஒவ்வொரு பட்டியல் தருகிறீர்கள். ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர்த் தாங்கி இரண்டு கிடைத்தது, மலசலகூடம் கிடைக்கவில்லை. பக்கத்து வளவில் தனியாக இருக்கும் வயோதிபரின் பெயர் எதிலும் இல்லை. ஆட்கள் குறைந்த குடும்பம் என்றால் புள்ளியும் குறைந்துவிடுகிறது. இதை மாற்றக் கேட்டிருக்கிறோம். மாறும்வரை உங்கள் சங்கங்கள்தான் அவர்களைத் தாங்கவேண்டும்.

ஆகவே ஊருக்கு ஒரு பட்டியல் போதும். எல்லாச் சங்கங்களும் கையொப்பமிட்டு, கிராம அலுவலரிடம் ஒரு பிரதி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி. அதே பட்டியலை வாசிகசாலைச் சுவரிலும் ஒட்டுங்கள். ஒட்டினால் சண்டை வரும் என்று ஒருவர் சொன்னார். வரட்டும், ஒட்டாவிட்டால் சந்தேகம் வரும், அதைத் தீர்ப்பதுதான் கஷ்டம்.

காணி விடயத்தில் கொஞ்சம் பொறுமை தேவை. இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகக் காணிப் பேரேட்டில் பதிவு இருக்கவேண்டும். தனியாகப் போகும் ஒரு பெண்ணை நாலு தரம் அலைக்கழிப்பார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போனால் இரண்டாம் தரத்தில் பதில் கிடைக்கும். இது என் அனுபவம்.

இன்னொன்று. காணி கணவன் பேரில் இருக்கிறது, கணவனைக் காணவில்லை. மரணச் சான்றிதழை எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று அந்தப் பெண்ணிடம் எல்லோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து உங்கள் சங்கத்தில் யாரும் அதைச் சொல்லவேண்டாம். எடுப்பதா இல்லையா என்பது அவருடைய முடிவு. "இவர் இந்த வளவில் இத்தனை வருடம் இருக்கிறார், எங்களுக்குத் தெரியும்" என்று ஊரார் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அந்தக் கடிதத்தோடு பிரதேச செயலாளரைச் சந்திக்க நாங்களும் உங்களோடு வருகிறோம்.

பொருட்கள் வாங்கும் விடயத்தை அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசலாம். இப்போதைக்கு ஒன்று: பத்து வீட்டுச் சீமெந்தைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் மூலம் கேட்டால் ஏற்றுக்கூலியாவது குறையும். கல் அரியும் மெசின் உள்ள ஊர்கள் இல்லாத ஊர்களுக்கு வாடகை இல்லாமல் கொடுக்கச் சம்மதமா என்று இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இதே இடத்தில் சந்திப்போம். சங்கத்துக்கு இருவர் வாருங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வருமுன் உங்கள் ஒழுங்கையில் ஒரு தரம் நடந்து, இதுவரை எவரும் பெயர் எழுதாத கொட்டில் எது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.