தேரிக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழில் நகரம்
(தேனியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலையில் நீங்கள் கஞ்சிக்குப் போட்ட உப்பு எந்த ஊர் உப்பு? பெரும்பாலும் தூத்துக்குடி உப்பாகத்தான் இருக்கும். அந்த ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நமது கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிறது. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து சாரலும் விழுகிறது. அதே தென்மேற்குக் காற்று, தெற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அது போய் மோதுகிற இடம் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு. தமிழ்நாட்டில் பாலைவனம் உண்டா என்று யாரும் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். செக்கச் சிவந்த மணல், மேடு மேடாக. காற்றடித்தால் மேடே நகரும். பனையும் உடைமரமும் முந்திரியும் வளர்த்து அந்த மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி அந்தச் சீமைப் பனையேறியின் உழைப்பு.

தேரிக்கு வடக்கே 40, 50 கிலோமீட்டரில் தூத்துக்குடி. மழைக்குறைவும் வெயிலும் காற்றும் குடியானவனுக்குக் கேடு. உப்பளத்துக்கு அதுவே மூலதனம். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அங்கே முத்துக்காக வந்தார்கள். ஆங்கிலேயனுக்குக் கரிசல் பருத்தி தேவைப்பட்டது. ஹார்வி கம்பெனி பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் நூற்பாலைகளை எழுப்பியது. தூத்துக்குடி ஆலைக்குப் பெயர் கோரல் மில்.

அந்த ஆலையில் விடியுமுன் நுழைந்தவன் இருட்டிய பிறகுதான் வெளியே வருவான். சிறு பிள்ளைகளுக்கும் அதே கதி. வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை. அப்போது சங்கச் சட்டம் ஏது? வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஊர் மக்கள் உதவிக்கு வந்தார்கள். வேலைநிறுத்தத்தைக் குறை சொன்ன ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்று இன்றும் சொல்வார்கள். கத்தி வைத்திருந்தவர் கத்தியாலேயே போராடினார், ஒரு சொட்டு ரத்தமில்லாமல்!

ஒன்பது நாள் கதவு மூடிக் கிடந்தது. முடிவில் துரைமார் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அது கூலிப் போராட்டம் மட்டும்தான். மார்ச் 12-ல் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது; போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை ஒரு காசு கூலி கேட்கவில்லை. தலைவரைச் சிறையிட்டதற்காக நிறுத்தினார்கள். வண்டிக்காரரும் சவரத் தொழிலாளரும் சேர்ந்து கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்ததை லெனின் பாராட்டி எழுதியது உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு நான்கு மாதம் முன்பே நம் தமிழ்த் தொழிலாளி அதைச் செய்துவிட்டான்.

வ.உ.சி.க்கு 40 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். பின்பு மேல்முறையீட்டில் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனியும் அதற்குள் அழிந்து போயிருந்தது.

இன்று அங்கே பெரிய துறைமுகம், அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை எல்லாம் உண்டு. தாமிர ஆலையின் நச்சை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது 2018 மே 22-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் நாம் மறக்கவில்லை. 13 உயிர்கள் போயின.

உப்பளத்தைப் பாருங்கள். நம் பெண்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற நேரத்துக்கு முன்பே அங்கே பெண்கள் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் வெள்ளை உப்பு கண்ணைப் பறிக்கும். உப்பு நீரில் பாதம் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி கரைந்தால் வேலையும் கரைந்துவிடும். மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் வந்தது, கேட்டுக் கேட்டு வாங்கியது. வேலையில்லாத அத்தனை வாரமும் அந்த 5,000 ரூபாயில் எப்படி உலை வைப்பது என்று அந்தத் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும்.