திரும்பத் திரும்பக் கருச்சிதைவா? இரத்தத்தையும் பாருங்கள்

(மகளிர் தினத்தையொட்டி நமது கம்யூனிட்டி ஹாலில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் அல்ல. பி.காம். படித்து, பேங்க்கில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். மகளிர் தினத்தில் ஓர் ஆண் கருச்சிதைவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். இதைக் கட்டாயம் கேட்க வேண்டியவர்கள் நம் வீட்டு ஆண்களும் மாமியார்களும்தான். அதனால்தான் பேசுகிறேன்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு, மூன்று முறை கரு கலைந்தால் என்ன பேச்சு வருகிறது? "லிஃப்ட் ரிப்பேரான அன்னிக்கு மாடி ஏறினா", "வேலைக்குப் போகாதேன்னேன், கேட்டாளா?", "ராசி இல்லாதவ". இவை எதுவும் காரணமில்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் தற்செயலாகக் கலைபவை. ஆனால் திரும்பத் திரும்பக் கலைந்தால், தேடிப் பார்க்க வேண்டிய காரணங்களில் ஒன்று இரத்தம் உறைதல்.

பேங்க் பாஷையில் சொன்னால், இரத்தத்துக்கு இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். கத்தி பட்டால் உறைய வேண்டும். இரத்தக் குழாய்க்குள் உறையக் கூடாது. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் சிலருக்கு இந்தக் கணக்கையே குலைத்துவிடுகின்றன. நஞ்சுக்கொடி சரியாக வளர்வதில்லை. அதன் நுண்குழாய்களில் அடைப்பும் வரலாம். இதற்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ். என்று பெயர். 1983-ல் லண்டனில் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் இதை விவரித்தார். தொடர் கருச்சிதைவு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இந்த ஆன்டிபாடிகள் இருக்கின்றன.

கண்டுபிடிக்க மூன்று இரத்தப் பரிசோதனைகள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் முடிவு கட்டக் கூடாது. சாதாரணக் காய்ச்சலிலும் தற்காலிகமாக ஏறலாம். 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை பால்வினை நோய்க்கானது. ஏ.பி.எஸ். இருந்தால் அது தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு யாரையும் சந்தேகப்படாதீர்கள். உறுதி செய்யத் தனிப் பரிசோதனை உண்டு.

சிகிச்சை இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 1997-ல் வெளிவந்த லண்டன் ஆய்வில், ஏ.பி.எஸ். ஆன்டிபாடி உள்ள 90 பெண்களில் 45 பேருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும். 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. மற்ற 45 பேருக்கு ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசி. 32 பேருக்குப் பிறந்தது. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. ஆனால் வார்ஃபரின் மாத்திரை கருவைப் பாதிக்கும். அதைச் சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதற்காக எல்லோருக்கும் இந்த ஊசி இல்லை. பரம்பரையாக இரத்தம் உறையும் தன்மையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு 2023-ல் லான்செட் இதழில் வந்தது. ஊசி போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 71 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. லாபமில்லாத முதலீடு! ஆகவே பக்கத்து ஃபிளாட் சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். "எந்த ரிப்போர்ட்டை வைத்து இந்த ஊசி?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

எங்கே போவது? பெரிய பணம் தேவை என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி நம் ராயபுரத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை கலைந்திருந்தால், பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு, கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். பத்து வாரத்துக்குப் பிறகு ஒருமுறை கலைந்திருந்தாலும் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1961 மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. இ.எஸ்.ஐ.யிலும் ஆறு வாரப் பலன் உண்டு. மெடிக்கல் சர்டிபிகேட்டைப் பத்திரப்படுத்துங்கள். இது சலுகை அல்ல, உரிமை.

மருமகளிடம் "என்ன செய்தாய்?" என்று கேட்பதை விட்டு, "டாக்டரிடம் போகலாமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் ஒரு வீட்டில் தொட்டில் ஆடலாம்.