கேட்பதா, ஒட்டுக்கேட்பதா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன வேலை பார்க்கிறாய்?" என்று யாராவது கேட்டால் 'சாஃப்ட்வேர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். இன்றைக்கு அது முடியாது. செயலாளர் தலைப்பே கொடுத்துவிட்டார். 'நிறுவனத் தலைவர்களுக்குப் பொதுமக்களிடையே நற்பெயர் உண்டாக்குவதில் கணினிக் கருவிகளின் பங்கு' என்பது அவர் தந்த தலைப்பு. பதினோரு ஆண்டுகளாக நான் பார்த்துவரும் வேலைக்கு மிகப் பொருத்தமான தலைப்புதான். ஆனால் நீளமாக இருக்கிறதே என்று 'கேட்பதா, ஒட்டுக்கேட்பதா?' என்று பட்டிமன்றத் தலைப்பு போலச் சுருக்கிக்கொண்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.

அரசன் மாறுவேடம் பூண்டு இரவில் நகர்வலம் போன கதைகளை நாம் எல்லோரும் பாட்டியிடம் கேட்டிருக்கிறோம். சபையில் இருப்பவர்கள் 'மாதம் மும்மாரி பொழிகிறது' என்றுதான் சொல்வார்கள். திண்ணையில் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைய திண்ணை சமூக ஊடகம். அந்த நகர்வலத்தை அரசனுக்குப் பதிலாகக் கணினி செய்கிறது. தொழிலில் இதற்கு 'சோஷியல் லிசனிங்' என்று பெயர்.

தொடக்கம் மிக எளிமையானது. 2003இல் கூகிள் நிறுவனம் 'அலர்ட்' என்ற இலவச வசதியைத் தந்தது. ஒரு பெயரைக் கொடுத்து வைத்தால், அது இணையத்தில் புதிதாக எங்கே வந்தாலும் மின்னஞ்சல் வரும். 2006இல் கனடாவில் 'ரேடியன்6', 2007இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 'பிராண்ட்வாட்ச்' என்று இதற்கென்றே நிறுவனங்கள் தோன்றின. 2010 டிசம்பரில் டெல் கம்ப்யூட்டர் நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்துத் தலைமையகத்தில், தன்னைப் பற்றி உலகம் பேசுவதைப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டு அறையையே திறந்தது. அடுத்த ஆண்டே ரேடியன்6ஐ சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் முப்பது கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது? மாணவர்களுக்காகச் சொல்கிறேன், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் ஒரு தேடல் வாக்கியம் எழுத வேண்டும். 'இந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் சேர்ந்து வர வேண்டும், இது வரக் கூடாது' என்று நீங்கள் முதலாண்டில் படித்த அதே பூலியன் இயற்கணிதம். பரீட்சைக்குப் பிறகு எதற்குப் பயன்படும் என்று கேட்பீர்களே, இதற்குத்தான்! தலைவர் பெயர் 'சக்தி' என்றால் மசாலா, கோயில், சினிமா எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளுவதற்குள் ஒரு வாரம் போய்விடும். பிறகு கிடைத்ததை எண்ண வேண்டும், பொருள்வாரியாகப் பிரிக்க வேண்டும், பாராட்டா திட்டா என்று தரம் பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையில்தான் கணினி அடிக்கடி ஏமாறும். "ரொம்ப நல்ல சர்வீஸ்பா, மூணு நாளா போனே எடுக்கல" என்று ஒருவர் எழுதினால், 'நல்ல' என்ற சொல்லைப் பார்த்து அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும் மென்பொருள் உண்டு. நம்மவர்களோ கோபம் வந்தால்தான் மரியாதையாகப் பேசுவார்கள். "ஐயா பெரிய மனுஷர்" என்பது வாழ்த்தா வசவா என்று நமக்கே குரலை வைத்துத்தானே தெரியும்? மொழி மாதிரிகள் இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் நூறு பதிவுகளையாவது மனிதக் கண் படிக்காமல் அறிக்கை மேலே போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இன்னொரு குறையும் உண்டு. கருவிக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைந்து வருகின்றன. 2023இல் ட்விட்டர் தன் தரவை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வழியை மூடியது. 2024 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் தன் 'கிரவுட்டேங்கிள்' கருவியையே நிறுத்திவிட்டது. எழுதாமல் வீட்டில் புலம்புபவர்களோ எந்தக் கருவியிலும் வர மாட்டார்கள். ஆகவே திரையில் தெரிவது ஊர் அல்ல, ஊரில் ஒரு தெரு.

சரி, இதைக் கொண்டு ஒரு தலைவருக்கு எப்படிப் பெயர் உண்டாக்குவது? கோவைப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஒரு நிறுவனத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதன் எம்.டி. பெயரில் அலுவலகத்தார் தினமும் காலையில் ஒரு பொன்மொழி போடுகிறார்கள். அறுபது பேர் கைதட்டுகிறார்கள். அறுபது பேரும் அவரிடம் சம்பளம் வாங்குபவர்கள்! இப்போது கருவியில் எம்.டி. பெயருக்குப் பதிலாக 'மோட்டார்', 'காயில்', 'எரிந்துவிட்டது' என்று கொடுத்துத் தேடினால் என்ன வரும்? வோல்டேஜ் குறையும் மாதங்களில் சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துபோன விவசாயிகளின் புலம்பல் வரும்.

டிரிபிள்-ஈ நண்பர்களுக்குக் காரணம் தெரியும். வோல்டேஜ் குறைந்தால், அதே சுமையை இழுக்க இண்டக்‌ஷன் மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும். காயில் சூடேறும், இன்சுலேஷன் போய்விடும். எம்.டி.யும் எஞ்சினியர்தானே? அவரே மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஏன் எரிகிறது, ஓவர்லோடு ரிலேயை எப்படி அமைப்பது, எந்த வோல்டேஜுக்குக் கீழே ஓட்டக் கூடாது" என்று தன் கொங்குத் தமிழிலேயே இரண்டு நிமிடம் பேசட்டும். அதோடு, புகார் அதிகம் வரும் ஊர்களுக்கு சர்வீஸ் ஆளையும் ஸ்பேரையும் முன்கூட்டியே அனுப்பட்டும். ஒரு வருடம் இப்படிச் செய்தால் 'கேட்டால் பதில் சொல்லுகிற மனிதர்' என்ற பெயர் தானாக வரும். அந்தப் பெயரைப் பொன்மொழி தராது.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் டி-மொபைல் நிறுவனத்தின் ஜான் லெஜர். 2012 செப்டம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அந்த நிறுவனம் அங்கே நான்காவது இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகளைக் கேட்பதற்கென்றே தனி இணைப்பு வைத்துக்கொண்டார். ட்விட்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து திட்டுகளைப் படித்தார். மக்கள் எதைத் திட்டினார்களோ அதை ஒவ்வொன்றாக ஒழித்தார். 2013 மார்ச்சில் இரண்டாண்டுக் கட்டாய ஒப்பந்தம் போனது. அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கூடுதல் கட்டணமில்லாத டேட்டா ரோமிங் வந்தது. 2012 இறுதியில் சுமார் 3.3 கோடியாக இருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை, 2019 இறுதியில் 8.6 கோடி. இடையில் மெட்ரோபிசிஎஸ் என்ற நிறுவனத்தை இணைத்துக்கொண்டதும் இதில் அடக்கம். இளஞ்சிவப்புச் சட்டையும் வாய்த்துடுக்கும் அவருடைய அடையாளமாக இருந்தாலும், மக்கள் நம்பியது ஒப்பந்தம் ஒழிந்ததைப் பார்த்துத்தான்.

அதே லெஜர் ஒருமுறை காதை மூடிக்கொண்டார். அவர் நிறுவனத்தின் வீடியோ திட்டம் எல்லா வீடியோக்களின் வேகத்தையும் குறைக்கிறது என்று எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு சோதித்துச் சொன்னது. 2016 ஜனவரியில் அவர் "நீங்கள் யார்?" என்ற பொருளில் கெட்ட வார்த்தையுடன் வீடியோவிலேயே கேட்டுவிட்டார். அந்த அமைப்பின் ஆதரவாளர்கள் "நாங்கள்தான் அவர்கள்" என்று அணி அணியாகப் பதில் எழுதினார்கள். சில நாட்களில் அவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் பெயர் அதிகம் பேசப்படும் வாரம் எல்லாம் நல்ல வாரம் அல்ல. எண்ணிக்கையை மட்டும் வரைபடமாகப் போட்டுக் காட்டும் அறிக்கையில் திட்டும் ஏறுமுகமாகத்தான் தெரியும்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் தலைவர் ஆஸ்கார் முனோஸ் கதை இன்னும் கசப்பானது. 2017 மார்ச்சில் 'பிஆர் வீக்' என்ற தொழில் இதழ் அவரை ஆண்டின் சிறந்த தகவல் தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரல் 9 அன்று சிகாகோவில், ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, டிக்கெட் வாங்கி அமர்ந்திருந்த ஒரு பயணியை விமானத்திலிருந்து தரதரவென்று இழுத்துப் போட்டார்கள். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. மறுநாள் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாகச் சொன்னது! முழு மன்னிப்பு அதற்கும் அடுத்த நாள்தான் வந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு வரவிருந்த வாரியத் தலைவர் பதவியும் கிடைக்காமல் போயிற்று. விருது வாங்கித் தந்த பெயர் இரண்டு நாளில் கரைந்தது. ஊர் முழுக்கக் கத்தும்போது அதைக் கேட்கக் கருவி தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

இனி நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தலைவரின் பெயரைத் திரையின் நடுவில் வைத்தால் என்ன ஆகும்? முதலில் அது கண்ணாடியாகும். பிறகு, தன்னைத் திட்டுபவர் யார் என்று தேடும் காவல் கோபுரமாகும். மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தம்பதி, இணைய வணிகம் பற்றிச் சிறு செய்திமடல் நடத்திவந்தார்கள். ஈபே நிறுவனத்தையும் அதன் தலைமையையும் பற்றி அதில் வந்தவை மேலிடத்துக்கு எரிச்சலூட்டின. 2019 ஆகஸ்டில் ஈபேயின் பாதுகாப்புப் பிரிவினர் அந்தத் தம்பதியின் வீட்டுக்கு உயிருள்ள கரப்பான்பூச்சிகள், சிலந்திகள், இறுதிச் சடங்கு மலர்வளையம் எல்லாம் அனுப்பினார்கள். ஆளைப் பின்தொடர்ந்தார்கள். ஏழு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பாதுகாப்புப் பிரிவின் தலைவருக்கு 2022இல் 57 மாதச் சிறை. 2024 ஜனவரியில் நிறுவனம் 30 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அன்றைய தலைமை நிர்வாகிமீது குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

நண்பர்களே, தண்டனை பெற்ற அந்த ஏழு பேரில், தகவல் சேகரித்து ஆராயும் வேலையில் இருந்தவர்களும் உண்டு. அதாவது, இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் நாளை போய்ச் சேரப்போகிற மாதிரியான வேலை. "பாஸ் சொன்னார், செய்தேன்" என்பது அங்கே கோர்ட்டில் காப்பாற்றவில்லை.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவில் வெளியிட்ட தம் விவரங்களைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. ஆகவே, பொதுவில் எழுதியதைத் திரட்டுவதற்குச் சட்டம் பெரிதாகக் குறுக்கே நிற்காது. எல்லைக்கோடு போட வேண்டியவர்கள் நாம்தான். நான் போட்டுக்கொண்டவை மூன்று.

ஒன்று: தேடல் வாக்கியத்தில் முதலில் மக்களின் பிரச்சினை, பிறகுதான் தலைவரின் பெயர்.

இரண்டு: மேலே போகும் அறிக்கையில் 'என்ன சொல்கிறார்கள்' என்பது இருக்கலாம். 'யார் சொன்னது' என்ற பட்டியல் இருக்கக் கூடாது. குறை தீர்க்க ஆளைத் தொடர்புகொள்ள வேண்டுமானால் அது சேவைப் பிரிவின் வேலை, தலைவர் அறைக்கு அந்தப் பெயர் போகத் தேவையில்லை.

மூன்று: மாற்ற முடியாத ஒன்றைப் பற்றித் தலைவரைப் பேசவைக்காதே. பேச்சுக்குப் பின்னால் ஒரு சர்வீஸ் ஆளாவது வண்டியைக் கிளப்ப வேண்டும்.

இந்த மூன்றாலும் சில நேரம் வாடிக்கையாளர்களை இழக்க நேரிடும். "எங்களைத் திட்டும் இருபது பேர் யார் யார் என்று மட்டும் கொடுங்கள், போதும்" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. "அது எங்களிடம் கிடையாது சார்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வள்ளுவர் பொருட்பாலில், ஆள்பவனுக்கு வேண்டியவற்றைச் சொல்லும் பகுதியில், 'கேள்வி'க்கு ஓர் அதிகாரமும் 'ஒற்றாடலு'க்கு ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். கேள்வி 42ஆவது அதிகாரம், ஒற்றாடல் 59ஆவது. ஆக, கேட்பதும் வேவு பார்ப்பதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியே முன்னால் வருகிறது. ஒற்றாடலுக்கு நேர் முந்தைய அதிகாரம் என்ன தெரியுமா? 'கண்ணோட்டம்'. இரக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஒற்றனைப் பற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் அந்த வரிசையை எதற்காக வைத்தாரோ, என் தொழிலுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

இந்த அரங்கில் நிறுவனத் தலைவர்களாக இருக்கும் சீனியர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த வாரம் உங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர் ஓர் அறிக்கை கொண்டுவந்து, "சார், போன மாதத்தைவிட உங்களைப் பற்றி இரண்டு மடங்கு பேசுகிறார்கள்" என்பார். மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "அவர்கள் கேட்டதில் எதையாவது நாம் செய்தோமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாணவச் செல்வங்களே, அந்தக் கேள்விக்கான பதிலும் இருக்கும்படி அறிக்கை தயாரிக்கும் எஞ்சினியராக நீங்கள் இருங்கள்.