சொன்னவர் பெயரும் வேண்டும்

நம் கோவில்பட்டி வட்டாரத்தின் கதை மரபைக் காட்டும் இந்தக் கண்காட்சியில் எழுத்தாளர்களின் படங்களைப் பார்க்கையில் நெஞ்சு நிமிர்கிறது. பக்கத்து இடைசெவல் என்ற சிற்றூரிலிருந்து மட்டும் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் (கி.ரா.) என்று இருவர் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள். பின்னர் பூமணிக்கு 2014-இலும், உருளைகுடி சோ. தர்மனுக்கு 2019-இலும் அதே விருது வந்தது. வானம் பார்த்த கரிசல் பூமியில் இத்தனை பேர் எப்படி விளைந்தார்கள்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இங்கே அருமையாகக் கதை சொன்னார்கள்; அதுதான் காரணம். அவர்களுக்கும் இந்தச் சுவரில் இடம் வேண்டும்.

சான்று இந்த எழுத்தாளர்களின் புத்தகங்களிலேயே இருக்கிறது. 1976-இல் வந்த கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ நாவலில், தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் உயிருக்குப் பயந்து தெற்கே வந்த வரலாற்றைச் சொல்பவள் யார்? நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரம்மாள். பட்டயமோ கல்வெட்டோ அல்ல, ஒரு கிழவியின் நினைவுதான் அங்கே ஆவணம். பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தாரே, அந்தச் சொற்கள் எல்லாம் சம்சாரிகளின் வாயில் கிடந்தவை. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்ததும் இந்த வாய்ச்சொல்லின் மதிப்பை உணர்ந்துதான்.

இந்தக் கதைகளைப் பதிந்து இங்கே வைப்போம் என்றால், “வாயில் வாழ்கிற கதையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் செத்துவிடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கதை நடக்க, சொல்பவர் ஒருவர் போதாது. எதிரே ‘உம்’ கொட்ட ஓர் ஆள் வேண்டும். ‘உம்’ நின்றால் “தூங்கிட்டியா?” என்று கதையும் நிற்கும். ஆகவே ஒலிப்பதிவு செய்கிறவர்கள் அந்த ‘உம்’மையும் சேர்த்தே பதியட்டும்; இடையில் எழும் சிரிப்பை, “அப்படி இல்லையே, எங்க ஆத்தா வேற மாதிரில்ல சொல்லும்” என்ற மறுப்பை வெட்டாமல் விடட்டும். ஒரே கதை ஊருக்கு ஊர் மாறினால் எது சரி என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. எல்லா வடிவத்தையும், சொன்னவர் சம்மதத்தோடு, அவர் பெயர், ஊர், தொழில் குறித்து வைத்தால் போதும்.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. பழங்கதைகளில் சாதி இழிவு இருக்கிறது, பெண்ணை மட்டம் தட்டும் பேச்சு இருக்கிறது. அவற்றை ஏன் காக்க வேண்டும்? மழுப்பாமல் சொல்கிறேன்: இருக்கிறது. அதைக் கழுவித் துடைத்துக் காட்டினால், நம் முன்னோர் யாரையும் புண்படுத்தியதே இல்லை என்ற பொய்யைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். யார் யாரைப் பற்றிச் சொன்ன கதை என்ற குறிப்போடு வையுங்கள். கேலி செய்யப்பட்டவர்கள் தங்கள் தெருவில் சொல்லிக்கொண்ட கதையையும் தேடிப்பிடித்துப் பக்கத்திலேயே வையுங்கள்.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கி.ரா.வுக்கு இதே ஊரில் நினைவரங்கம் எழுந்துவிட்டது. பருத்தி எடுத்த, தீப்பெட்டி ஒட்டிய கைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. மாணவர்கள் வீட்டில் கைப்பேசியும் இருக்கிறது. இந்த விடுமுறையிலேயே ஆளுக்கு ஒரு பாட்டியிடம், ஒரு தாத்தாவிடம் உட்காருங்கள். பதிந்த முதல் கதை, சொன்னவர் பெயரோடு, இந்தக் கண்காட்சி முடிவதற்குள் இங்கே ஒலிக்க வேண்டும்.