ரவுட்டர் வாங்க முதல் சிக்னலைப் பாருங்க

(கிளிநொச்சியில், மலையிலிருந்து வந்த உறவினர்களும் கலந்துகொண்ட குடும்பக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



1977ஆம் ஆண்டுக் கலவரத்தோடு லயத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் நாங்கள். தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் என்று எங்கள் ஆட்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் அங்கே. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் கரண்டும் போனது, டெலிபோனும் போனது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், கருமாதி முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வரும். பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் வரிசையில் நின்று பேசியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரே வீட்டில் பத்துப் போன் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. மகள் வகுப்புப் பார்க்கிறாள், மகன் கேம் விளையாடுகிறான், கிழவி கட்டாரில் இருக்கும் பேரனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள். பின்னேரம் ஏழு மணியானால் எல்லாம் சுத்திக்கொண்டு நிற்கிறது. உடனே, "ரவுட்டர் சரியில்லை, புதுசு வாங்கணும்" என்கிறோம்.

நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஒரே வளவில் மூன்று குடும்பம், பதினொரு போன், ஒரு டிவி. பெரியவளுக்குச் சாதாரணதரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே விலை கூடிய ரவுட்டரை வாங்கி வந்தோம். எத்தனை நாள் முழுப் பேர் விழுந்தால் அந்தக் காசு சேரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பெட்டியைப் பிரித்தால் கொம்பு நாலு இருக்கிறது, சிம் போடும் இடம் மட்டும் இல்லை! அது ஃபைபர் கம்பி வந்த வீட்டுக்கான சாமான். எங்கள் ஒழுங்கைக்குக் கம்பியே வரவில்லை. பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை. கேட்காமல் வாங்கியது எங்கள் பிழை.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்கு இணையம் எதில் வருகிறது என்பதுதான். கம்பியில் வருகிறதா, டவரிலிருந்து சிம்மில் வருகிறதா? சிம் என்றால் 4ஜி ரவுட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். கம்பனி கொடுக்கும் ரவுட்டர் சில, அந்தக் கம்பனி சிம்முக்கு மட்டும்தான் வேலை செய்யும். வெளியில் வாங்குவதென்றால், உங்கள் சிம் ஓடும் அலைவரிசை அதில் இருக்கிறதா என்றும், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ளதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

இரண்டாவது, இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன பயன்? டவரிலிருந்து வருவது குளத்துத் தண்ணீர், வீட்டுக்குள் வைஃபை வாய்க்கால். ரவுட்டர் பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வாய்க்காலின் கணக்கு. 2.4 ஜிகாஹேர்ட்ஸில் 300, 5 ஜிகாஹேர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். டவர் உங்களுக்கு 8 மெகாபிட்தான் தருகிறதென்றால் அந்த 1200 உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. யூடியூப்பில் தெளிவான படத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் வேண்டும். ஒருவர் படம் பார்த்தால் மற்றவர்களுக்கு மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்க.

அதனால் கடைக்குப் போக முதல், வாங்கப்போகும் சிம்மை ஒரு போனில் போட்டு, வீட்டின் நாலு பக்கமும் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஏழு மணிக்கு ஒரு தரம். எல்லாக் கம்பனிச் சிம்மும் இப்படிப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இரவல் வாங்கினால் காசும் செலவில்லை. டேட்டா முடிந்து வேகம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாவம், அதற்கும் ரவுட்டர்தான் ஏச்சு வாங்குகிறது.

எங்கள் பழைய ரவுட்டர், தகரக் கூரைக்குக் கீழே, பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. தகரம் அலையைத் தடுக்கும். அதை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், ஆளுயரத்தில் வைத்ததும் போனில் வேகம் கூடியது. ஒரு சதமும் செலவில்லை. மலையில் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். லயத்துக்குக் கருங்கல் சுவர், மேலே தகரம், டவரோ மலைக்கு அந்தப் பக்கம். இஸ்தோப்பில் கிடைக்கும் சிக்னல் உள்காம்பராவில் கிடைக்காது. அப்படியான இடத்துக்கு, வெளி அன்ரெனா பூட்டும் துளை உள்ள ரவுட்டரைக் கேளுங்கள். கொம்பின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள்.

வீட்டுக்குள் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். 2.4 தூரம் போகும், சுவரையும் கடக்கும், ஆனால் வேகம் குறைவு. 5 கிட்ட இருந்தால் வேகம், சுவர் வந்தால் சோர்ந்துபோகும். இரண்டும் உள்ளதை வாங்குங்கள். ஆட்கள் நிறைந்த வீடென்றால் வைஃபை 6 என்று எழுதியதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் பல போன்களைச் சமாளிக்க அது நல்லது. இரண்டு மூன்று போன் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியது மறந்திருக்காது. சின்ன ரவுட்டர்கள் பல 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே சின்ன பட்டரிப் பெட்டி விற்கிறார்கள். வோல்ட்டும் அம்பியரும் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இடி மின்னல் நேரத்தில் வயரைக் கழற்றிவிடுங்கள். ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த திகதியைப் போடாதீர்கள், ஊர் முழுக்க அது தெரியும்.

எங்கள் நாலு கொம்பு ரவுட்டர் என்னவானது என்று கேட்பீர்கள். அது வீணாகவில்லை. பிறகு சாதாரண 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்தோம். சின்னவன் புத்தகத்தை வாசித்து, அதிலிருந்து இருபது மீற்றர் கேபிள் இழுத்து, நாலு கொம்பைப் பின்வீட்டில் பூட்டினான். இப்போது ஜன்னலில் உள்ளது டவரைப் பிடிக்கிறது, மற்றது பின்வீட்டுக்கு வைஃபை கொடுக்கிறது. பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டரை வரை படமும் கேமும் இல்லை என்று மூன்று குடும்பமும் பேசி முடிவெடுத்தோம். அந்த நேரம் படிக்கிற பிள்ளைகளுக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கும்.

வீட்டு ரவுட்டரைக் கையோடு கொண்டுவந்தவர்கள் தேநீருக்குப் பிறகு முன்னுக்கு வாங்க. சின்னவன் இருக்கிறான், பார்த்துச் சொல்லுவான்.