ஈரத்தை மேலே வையுங்கள்!

(இளம் வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கையில் ஒரு செல்போன் இருந்தால் ஊரில் இருந்தபடியே சவூதிக்கு டைல்ஸ் விற்கலாமாமே, ஹஜ்ரத்?" என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால், எதை மறைக்காமல் விற்பது என்பதைத் தெரிந்து கொண்டு விற்க வேண்டும்.

முதலில், அங்கே தேவை இருக்கிறதா? இருக்கிறது. 2016இல் 'விஷன் 2030' திட்டத்தை சவூதி அரசு அறிவித்த போது, சொந்த வீடு உள்ள சவூதிக் குடும்பங்கள் நூற்றுக்கு சுமார் 47. இதை 2030க்குள் 70 ஆக்குவது இலக்கு. 2024லேயே 65ஐத் தாண்டி விட்டார்கள். ரியாத்தில் 2030இல் உலகக் கண்காட்சி. 2034இல் உலகக் கோப்பைக் கால்பந்து. பாலைவனத்தில் அறிவித்த பெருந்திட்டங்கள் சிலவற்றின் வேகம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் வீடு கட்டுவது நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தரைக்கு டைல்ஸ் வேண்டும். குளியலறைக்குக் குழாய் வேண்டும். கதவுக்குக் கீலும் பூட்டும் வேண்டும்.

இரண்டு வழிகள்

கீல், பூட்டு, கைப்பிடி போன்ற சிறு சாமான்களைப் பார்சலில் அனுப்பலாம். 2022 முதல் நம் அஞ்சலகங்களிலேயே ஏற்றுமதி மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. ஐ.இ.சி. எண் வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

டைல்ஸ் அப்படியல்ல. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு கொண்ட ஒரு பெட்டியே 25 கிலோவுக்கு மேல் எடை. அது கப்பலில் கன்டெய்னராகத்தான் போக வேண்டும். ஆகவே இணையம் உங்களுக்கு வாங்குபவரைக் காட்டித் தரும். சரக்கைக் கொண்டு போய்ச் சேர்க்காது. இந்த வேறுபாடு தெரியாமல் இறங்கியவர்கள் கப்பல் கூலியில் கரைந்து போனார்கள்.

கை விட்டுப் பார்க்க முடியாத குவியல்

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டதாக வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். இச்சம்பவம் நீங்கள் அறிந்ததுதான்.

சிந்தித்துப் பாருங்கள்! அன்று வாங்குபவர் குவியலுக்குள் கை விட முடிந்தது. இன்று ஜித்தாவில் இருப்பவர் உங்கள் படத்துக்குள் கை விட முடியுமா? படம் என்பது குவியலின் மேற்புறம் மட்டுமே. உள்ளே இருப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டைல்ஸின் தரத்தை அளப்பதும் அது எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான். போர்சலைன் என்றால் அரை சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. சுவருக்கு ஒட்டும் சாதாரண டைல்ஸ் பத்து சதவிகிதத்துக்கு மேலும் உறிஞ்சும். படத்தில் இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும்!

இரு கூட்டாளிகள் என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். ஒருவர் வீட்டுப் பெண்களின் நகையை விற்றுப் போட்ட முதல். சாதாரண டைல்ஸை, "போர்சலைன்" என்று எழுதி விற்று விட்டார் மற்றவர். "எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள்" என்றார். அங்குள்ள இறக்குமதியாளர் அந்தப் பெயரிலேயே பதிவு செய்தார். சோதனையில் குட்டு வெளிப்பட்டது. கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. டெமரேஜ் நாளுக்கு நாள் ஏறியது. கடைசியில் சரக்கின் விலையை விட அது அதிகமாகி விட்டது. நகையும் போயிற்று, பதினைந்து வருட நட்பும் போயிற்று. ஒரே ஒரு சொல்லால்!

2019 முதல் சவூதியில் 'ஸாபர்' என்ற இணையப் பதிவு முறை நடைமுறையில் இருக்கிறது. பொருளுக்கு ஒரு சான்றிதழ். அனுப்பும் ஒவ்வொரு சரக்குக்கும் தனிச் சான்றிதழ். பதிவு செய்பவர் அங்குள்ள இறக்குமதியாளர். நீங்கள் கொடுக்கும் விவரம் பொய்யானால் அவரும் சேர்ந்து மாட்டிக் கொள்வார்.

இன்னொரு மறைப்பு

அங்கே வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு முக்கியமாக இதைச் சொல்கிறேன். சவூதிக்காரர் பெயரில் கடை, உண்மையில் நடத்துவது நாம், மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை. இதற்கு அரபியில் 'தஸத்துர்' என்று பெயர். மறைத்தல் என்பதே அதன் பொருள். 2020இல் வந்த சட்டப்படி இதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை அபராதம். வெளிநாட்டவரானால் நாடு கடத்தலும் உண்டு. இணையக் கடை என்பதால் யார் கண்ணிலும் படாது என்று நினைக்காதீர்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதை வங்கி பார்த்துக் கொண்டிருக்கிறது. விற்பதானால் இங்கிருந்து, உங்கள் பெயரில், உங்கள் ரசீதில் விற்பனை செய்யுங்கள்.

சகோதரர்களே! சரக்கை ஏற்றும் முன் இவற்றைச் செய்யுங்கள். மாதிரியை அனுப்பி ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, பாக்கி எப்போது என்று எழுதிக் கொள்ளுங்கள். எழுதிக் கொள்ளச் சொல்வது நம் மார்க்கம். ஒரே ஷேடு எண்ணாகப் பார்த்து ஏற்றுங்கள். வரியை அன்றைய நிலவரப்படி விசாரியுங்கள். 2020இல் வளைகுடா நாடுகள் இந்திய, சீன டைல்ஸ் மீது மலிவு விற்பனைத் தடுப்பு வரி விதித்தது பலருக்குச் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் எத்தனை டைல்ஸ் உடையக் கூடும், நிறம் எவ்வளவு மாறக் கூடும் என்பதையும் விளம்பரத்திலேயே போடுங்கள்.

"இப்படியெல்லாம் எழுதினால் யார் வாங்குவார்?" என்று கேட்பீர்கள். முதல் வருடம் ஆர்டர் குறையலாம். ஆனால், ஒரு முறை வாங்கியவர் மறு முறையும் வருவார். தன் தம்பியையும் அழைத்து வருவார். காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடல் கடந்து வணிகம் செய்த நம் முன்னோர்களிடம் படம் இல்லை; சான்றிதழ் இல்லை. வாக்கு இருந்தது. அந்த வாக்கைத்தான் இன்று நீங்கள் செல்போனில் எழுதுகிறீர்கள். ஈரம் இருந்தால் அதை மேலே வையுங்கள். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.